குறையாத ஒயில்

எஞ்சினில் ஒயில் குறைந்தால் பயப்படாத சாரதி இல்லை. ஒயில் கூடியதைக் கண்டு பயந்த சாரதி ஒருவனையும் யுத்த காலத்தில் எங்கள் கரையில் நான் காணவில்லை. ஊற்றாமல் ஒயிலின் அளவு கூடாது. கூடினால் வேறு ஏதோ உள்ளே இறங்குகிறது. தண்ணீர் இறங்கினால் ஒயில் பால் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும், எல்லோரும் கண்டுபிடிப்பார்கள். மண்ணெண்ணெய் இறங்கினால் நிறம் மாறாது. அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்கிறவனுக்கு எஞ்சின் நிறைந்து நிற்பதாகத்தான் தெரியும். கம்பியை மூக்கருகே கொண்டுபோக வேண்டும். இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒயிலை உரசிப் பார்க்க வேண்டும். பழைய பத்திரிகைத் தாளில் ஒரு சொட்டு விட்டால் நல்ல ஒயில் விழுந்த இடத்திலேயே கறுப்பாக நிற்கும், மண்ணெண்ணெய் கலந்தது வெளிறிய வளையமாகப் பரந்துபோகும். அப்படிப் பரந்தால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். மெதுவாக ஓட்டலாம் என்றோ, சந்தை வரைக்கும் போய் வரலாம் என்றோ நினைக்கக்கூடாது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என் சகலனின் காரில் கம்பியை இழுத்து, மணந்து பார்த்து, துடைத்து, திரும்பச் செருகிவிட்டு, "நல்லா நிக்குது" என்று சொன்னேன். அதைத்தான் எழுத வந்தேன். எனக்கு எண்பது நெருங்குகிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, உரிமையும் இல்லை.

நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தோம். கிழக்கே நகரம், ஆஸ்பத்திரி, அரசாங்கக் கந்தோர்கள், ஆமி. மேற்கே வயல் வட்டைகள், காடு, இயக்கம். இரண்டுக்கும் நடுவே வாவியைக் கடக்க ஒரு மிதவை இருந்தது. கயிற்றைப் பிடித்து ஆட்கள் இழுக்க, வண்டியும் சனமும் அதில் கரை சேரும். நாங்கள் அதைப் 'பாதை' என்போம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடித்த ஆண் தன் உடுப்புகளோடு மனைவியின் வளவுக்கு வந்து சேர வேண்டும். என் மனைவி மூத்தவள், பழைய வீடு அவளுக்கு. அவளுடைய தங்கைக்கு மாமனார் அதே வளவில் ஒரு புது வீடு கட்டிக் கொடுத்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே கிணறு. அந்தப் புது வீட்டுக்கு வந்து சேர்ந்தவன்தான் என் சகலன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன், யார் யாருடைய லொறிகளையோ ஓட்டித் திரிந்தவன். அவன் ஒரு பழைய இங்கிலாந்துக் கார் வாங்குவதற்காக மாமனார் வட்டையில் ஒரு துண்டை விற்றார். எனக்காக அவர் எதையும் விற்கவில்லை. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன், அரசாங்கப் பணிமனையொன்றில் வாகனம் திருத்தும் உத்தியோகத்தில் இருந்தவன். என்னை உத்தியோகத்துக்காக எடுத்தார்கள், அவனைச் சிரிப்புக்காக எடுத்தார்கள் என்று மனைவியிடம் சொல்லிக் காட்டுவேன்.

யுத்தம் முற்றியபோது தினமும் வாவியைக் கடந்து வேலைக்குப் போக முடியாமல் போனது. உத்தியோகம் போயிற்று. சந்தியில் ஒரு வாகை மரத்தின் கீழ் கராஜ் போட்டு உட்கார்ந்தேன். அவன் ஓட்டத்தை விடவில்லை. சில மாதங்களில் எங்கள் பக்கத்து ஊர்களில் ஓடுகிற ஒரே வாடகைக் கார் அவனுடையதாயிற்று. பாம்பு கடித்தவர், காய்ச்சல்காரர், பிள்ளைப்பேற்று நோக்காடு கண்டவள் எல்லோரும் அவனுடைய காரில்தான் பாதைக்குப் போனார்கள். வழி நெடுகப் பகிடி விட்டுக்கொண்டே ஓட்டுவான். நோயாளிகள் சிரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று ஊர் பேசியது. எங்கள் வீட்டில் அரிசி முடிந்த நாட்களில் அவன் வீட்டிலிருந்து வந்தது. அதைத் தின்றேன், தின்றுகொண்டே அவனை வெறுத்தேன். தன்மானம் உள்ளவன் ஒன்று தின்னாமல் இருந்திருப்பான், அல்லது வெறுக்காமல் இருந்திருப்பான்.

வெறுப்புக்கு ஒரு நாள் காரணமும் கிடைத்தது. ஒரு கமக்காரன் தன் உழவு இயந்திரத்தைக் கராஜுக்குக் கொண்டுவந்தான். ஸ்டார்ட் ஆகும், கால் மணித்தியாலம் நன்றாக ஓடும், பிறகு மூச்சு முட்டினாற்போல நின்றுவிடும். சற்று நேரம் விட்டால் மறுபடியும் ஓடும். நான் டீசல் பம்பில் கோளாறு என்று முடிவெடுத்து, பம்பைக் கழற்றிச் சாக்கில் பரப்பினேன். கழற்றுவதற்கு முன் ஓட்டியவனிடம் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஏர் பிடிக்கிறவனிடம் எனக்கு என்ன கேள்வி என்று இருந்தேன். எதிரே தேநீர்க் கடை. அதன் வாங்குப் பலகைகளில் இருந்தவர்கள் காலையிலிருந்து மதியம் வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சகலன் காரை நிறுத்திவிட்டு வந்தான். "என்ன அண்ணன், பெரிய ஒப்பரேசனா?"

நான் தலை நிமிரவில்லை. அவன் கமக்காரனிடம் திரும்பினான். "கொஞ்ச நேரம் கிடந்தா மறுகா ஓடுதா?"

"ஓம்."

"எவ்வளவு நாளா சும்மா நிண்டது?"

"போன வெள்ளாமை வெட்டினதிலிருந்து கொட்டிலுக்க கிடந்தது."

அவன் டீசல் டாங்கியின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தென்னை ஈர்க்கு ஒன்றை முறித்து மூடியில் இருந்த சின்னத் துளையில் குத்தினான். காய்ந்த மண்ணும் ஒரு வெள்ளைப் புழுவும் என் சாக்கில் விழுந்தன. குளவி கூடு கட்டியிருந்தது. டாங்கிக்குள் காற்றுப் போக அந்தத் துளைதான் வழி. வழி அடைபட்டால் டீசல் கீழே இறங்காது. நின்ற பிறகு எங்கேயோ ஒரு கசிவால் கொஞ்சம் காற்று உள்ளே போகும், மறுபடியும் ஓடும்.

"உங்கட இங்கிலீசுப் புத்தகத்தில குளவி இல்லையா அண்ணன்?" என்றான்.

கடை முழுவதும் சிரித்தது. கமக்காரன்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சகலனுக்கு அது ஒரு பகிடி. அடுத்த நிமிடமே மறந்துவிட்டு என் பம்பைப் பூட்ட உதவி செய்தான். அன்றிலிருந்து சந்தியில் எனக்குக் 'குளவி எஞ்சினியர்' என்று பெயர். என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அதற்கு அர்த்தம் கேட்டாள்.

அந்த நாட்களில் எங்கள் கரைக்கு ஆமி பெட்ரோல் விடுவதில்லை. போத்தலில் ஒளித்து வருகிறதுதான். பெட்ரோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகியிருந்தோம். சகலனின் காரை அப்படி மாற்றிக் கொடுத்தது நான்தான், குளவிக்கு முன்பு. மண்ணெண்ணெய்க்கு அழுத்தம் குறைய வேண்டும் என்பதால் எஞ்சின் ஹெட்டின் கீழே ஒன்றுக்கு இரண்டு கஸ்கெட் தகடு போட்டேன். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. அதற்காகக் காரின் முன்மூடியான பொனற்றுக்குள் ஒரு சின்னப் பெட்ரோல் போத்தலைக் கட்டி, சேலைன் குழாய் ஒன்றால் கார்ப்ரேட்டருக்கு இணைத்தேன். முதலில் பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வேலை சுத்தமாக இருந்தது. அவன் எல்லோருக்கும் பொனற்றைத் திறந்து காட்டினான்.

இதில் ஒரு கேடு உண்டு. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக வடிந்து ஒயிலோடு சேரும். ஒயில் நீர்த்துப்போகும். நீர்த்த ஒயிலில் பேரிங்குகள் தேயும். ஒயிலை அடிக்கடி வடித்து மாற்ற வேண்டும். மாற்ற ஒயிலும் கிடைக்காத காலம். எங்கள் சாரதிகள் மாற்றவில்லை, அதைவிட மோசம், குறையாத ஒயிலை நல்ல எஞ்சினுக்கு அடையாளம் என்று நம்பினார்கள். முன்பு வாரத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருந்த கிழட்டுக் கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறியதும் ஒரு சொட்டும் கேட்காமல் ஓடின. அதை ஒருவருக்கொருவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு காலை அவன் காரைக் கராஜடியில் நிறுத்தினான். தேநீர்க் கடைக்காரனுக்கும் கேட்கும்படி, "மூணு மாசமா ஒயில் ஊத்தல்ல அண்ணன். கூடி வேற இரிக்கு. வண்டி உடம்பு வைக்குது போல," என்றான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒயில் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு மெல்ல மினுங்கி மினுங்கி அணைவதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். நிறுத்தச் சொல்லிவிட்டுக் கம்பியை இழுத்தேன். ஒயில் மேல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது. குப்பி விளக்கின் மண்ணெண்ணெய் மணம் வந்தது. கம்பியிலிருந்து தண்ணீர் போலச் சொட்டியது.

"எப்பிடி?" என்று கேட்டான்.

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, இறக்கி வடித்துவிடு, இனி ஓட்டாதே என்று சொல்வது. சொல்லியிருந்தால் அவன் ஓட்டியிருக்கமாட்டான். என் தொழிலில் அவனுக்கு நம்பிக்கை இருந்தது, குளவிக்குப் பிறகும். இரண்டாவது வழியை நான் யோசித்து எடுத்ததாகச் சொன்னால் பொய். கடைக்காரன் அங்கிருந்து, "குளவியைப் பாருங்க," என்று ஏதோ சொன்னான். நான் கம்பியைத் துடைத்துச் செருகினேன்.

"நல்லா நிக்குது."

எஞ்சின் ஒரு நாள் ஊர் நடுவில், எல்லோரும் பார்க்க உடைந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். சிரித்த வாய்கள் அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பிறகு என்னிடம்தான் இழுத்துக்கொண்டு வருவான், நான் கழற்றுவேன். என் எண்ணம் அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதும்போது அது சின்னதாகத் தெரிகிறது. சின்னது இல்லை.

நாலாம் நாள் என் மகளுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு நடுங்கியது. மலேரியா. மனைவி என்னைக் கேட்காமலே கிணற்றடியில் நின்று தங்கையைக் கூப்பிட்டாள். சகலன் காரைக் கொண்டுவந்தான். பின் சீற்றில் மனைவியின் மடியில் பிள்ளை, முன்னால் நான். அந்த வீதியில் எனக்கு எஞ்சின் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. பேரிங் தேய்ந்தால் முதலில் ஒரு மெல்லிய தட்டல் வரும். வேகத்தைக் கூட்டி, சட்டென்று குறைக்கும்போது தெளிவாகக் கேட்கும். எந்தச் சிலிண்டரில் என்று அறிய, எஞ்சின் ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றும்போது தட்டல் அடங்குகிறதோ அங்கேதான் கோளாறு. நான் எதையும் கழற்றவில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டேன். தட்டல் வந்திருந்தது.

"கொஞ்சம் மெதுவாப் போ தம்பி," என்றேன்.

"பிள்ள கொதிக்குது, நீங்க மெதுவா எண்டுறீங்க."

"வீதி சரியில்ல."

"அண்ணனுக்குப் பயம் கா," என்று பின்னால் திரும்பி என் மனைவியிடம் சொன்னான். "புத்தகத்தில இந்த வீதி இல்லயாம்."

காய்ச்சலோடு கிடந்த பிள்ளை சிரித்தது. பாதையடியில் காத்திருந்தபோது எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். மண்ணெண்ணெய் மிச்சமாகும் என்றேன். என்னைக் கஞ்சன் என்று சொல்லிக்கொண்டு நிறுத்தினான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், எப்போதிருந்து தெரியும் என்ற கேள்வி வரும். நாலு நாளாகத் தெரியும் என்று என் மனைவி முன்னால் சொல்ல வேண்டும். முதல் நாள் குரோதத்தால் வாயை மூடினேன். நாலாம் நாள் வெட்கத்தால் மூடினேன். பெற்ற பிள்ளை அந்தக் காரில் கிடந்தபோதும் மூடினேன். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், தப்பினாள். அவன் மறுநாளும் அதற்கு மறுநாளும் ஓடினான்.

பதினோராம் நாள் ஒரு கமக்காரனை ஏற்றிக்கொண்டு பாதையைக் கடந்தான். மறுகரையில் இறங்கி, ஆமிக் காவலரணை நெருங்கும்போது எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தள்ளும் கோல் ஒன்று முறிந்து இரும்புச் சுவரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவன் மறக்கமாட்டான். துவக்கு வெடித்தது போலவே இருக்கும். காவலரணில் இருந்தவர்கள் மண்மூட்டைக்குப் பின்னால் விழுந்து படுத்துச் சுட்டார்கள். நல்லவேளை, மேலே சுட்டார்கள். பிறகு பொனற்றைத் திறந்தவர்களுக்கு ஒரு பெட்ரோல் போத்தலும் குழாயும் தெரிந்தன.

கமக்காரனை மாலையில் விட்டார்கள். அவன்தான் வந்து சொன்னான். சகலனை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

என் மனைவியின் தங்கை எங்கள் வாசலுக்கு வந்தாள். அழவில்லை. "அத்தான், உங்களுக்குச் சிங்களம் தெரியும், எஞ்சின் தெரியும். அது குண்டில்ல எண்டு போய்ச் சொல்லுங்க. நீங்கதானே பூட்டினது," என்றாள்.

மூன்றாம் நாள் போனேன். முகாம் வாசலில் நாலு மணித்தியாலம் வெயிலில் நிறுத்தினார்கள். கடைசியில் ஓர் அதிகாரி வெளியே வந்தான். என்னைக் காரடிக்குக் கூட்டிப்போனான். எஞ்சினில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. கீழே ஒயில் வடிந்து மணலில் வெளிறிய வளையமாகப் பரந்திருந்தது. கோல் முறிந்தால் இப்படித்தான் சத்தம் வரும் என்று சிங்களத்தில் விளக்கினேன். அவன் கவனமாகக் கேட்டான். விளங்காதவன் அல்ல.

"நீ மெக்கானிக்கா?"

"ஓம், ஐயா."

"இது உடையப்போவது முன்கூட்டியே தெரியுமா?"

"தெரிய வழியில்லை ஐயா. அவன் ஒயில் பார்ப்பதில்லை. கவனம் இல்லாத சாரதி."

அவன் போத்தலைத் தொட்டான். "இதைத் தானே கட்டியதாக அவன் சொல்கிறான். இவ்வளவு சுத்தமான வேலையை ஒரு சாரதி செய்வானா? யார் கட்டியது?"

சகலன் என் பெயரைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடி வாங்கிக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறான். நான் கட்டினேன், எஞ்சின் உடையும் என்பதும் எனக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால், அந்த அதிகாரி நம்பியிருப்பான் என்றே நினைக்கிறேன். சகலனை விட்டிருப்பார்கள். என்னைப் பிடித்திருப்பார்கள்.

"அவனே கட்டியிருப்பான் ஐயா," என்றேன்.

அதிகாரி போத்தலிலிருந்து கையை எடுத்தான். "அப்படியானால் அவனுக்கு வேறு என்னென்ன கட்டத் தெரியும் என்று கேட்க வேண்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

இரண்டரை மாதம் வைத்திருந்தார்கள். அவன் திரும்பி வந்தபோது இடது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. எங்கள் கார்களில் கியர் இடது கைப்பக்கம். எஞ்சின் போன காரை யாரும் திருப்பித் தரவில்லை.

கார் போனதோடு முடிந்திருந்தால் அவன் வேறு வண்டி ஓட்டியிருப்பான். உள்ளங்கையால் கியரைத் தள்ளி ஓட்டப் பழகிவிட்டான், நான் பார்த்தேன். ஆனால் அவன் உள்ளே இருந்த நாட்களில், எஞ்சின் எப்படி உடைந்தது என்று தேநீர்க் கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லியிருந்தேன். "ஒயில் பாக்காம ஓடினா உடையாதா? வாயால வண்டி ஓடாது." அதிகாரியிடம் சொன்ன பொய்யை ஊரிலும் சொன்னால்தான் பொய் ஒன்றாக இருக்கும் என்று ஒரு கணக்கு. படித்தவன் சொன்னதால் ஊர் நம்பியது. உழவு இயந்திரம் வைத்திருந்த ஒருவர் அவனை வேலைக்கு எடுக்க நினைத்து என்னிடம் வந்து கேட்டார். "ஆள் எப்பிடி, வண்டியக் குடுக்கலாமா?" நான் ஒன்றும் சொல்லாமல் ஸ்பனரைத் துடைத்தேன். அவர் விளங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு அவனுக்கு ஒருவரும் வண்டி கொடுக்கவில்லை.

அவன் பாதையில் கயிறு இழுக்கப் போனான். மடங்காத விரல்களோடு பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தான். நான் உதிரிப்பாகம் வாங்க நகரத்துக்குப் போகும்போதெல்லாம் அவன் இழுத்த மிதவையில் நின்றுதான் கடந்தேன். "அண்ணன், நடுவுக்கு வாங்க, ஓரம் நனையும்," என்பான். பகிடி விடுவதை அவன் நிறுத்தியிருந்தான். வண்டிகள் ஏறும்போது எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்து நிற்பான்.

யுத்தம் முடிந்தது, பாலம் வந்தது, பாதை போனது. என் மனைவியும் போய்ச் சேர்ந்தாள். சாகும்வரை அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

போன வருடம் ஒரு காலை அவன் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டு நின்றபோது போய்ச் சொன்னேன். கம்பி, மணம், சிவப்பு விளக்கு, எல்லாம். முகாமில் சொன்னதையும் சொன்னேன். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அவன் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தான்.

"போத்தல் கதை தெரியும்," என்றான். "அந்த ஆமிப் பெரியவன் எனக்கு வந்து சொன்னவன், உன்ட ஆளும் அப்பிடித்தான் சொல்றான் எண்டு. அதில எனக்குக் கோபம் இல்ல. அந்த வாசலில நிண்டா ஆரும் அப்பிடித்தான் சொல்லுவான். ஒயிலத்தான் எனக்குத் தெரியா."

அவன் வாளித் தண்ணீரில் கையைக் கழுவினான்.

"எத்தினை நாளுக்கு முதல் பாத்தீங்க?"

"பதினொரு நாள்."

அவன் கணக்குப் பார்த்தான். மடங்காத விரல்களையே ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். "அதுக்குள்ள பிள்ளையக் கொண்டு போனமே. காய்ச்சலுக்கு."

"ஓம்."

"அண்டைக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"மெதுவாப் போ எண்டது அதுக்குத்தானா?"

"ஓம்."

அவன் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது அருவருப்பு. அழுகிய எதையோ பார்ப்பது போலப் பார்த்தான். "எனக்குச் செய்தது இரிக்கட்டும். நான் உங்கள பகிடி பண்ணினவன். அந்தப் பிள்ள என்னகா செய்தது?" பெண்களோடு கதைக்கும்போது சேர்க்கிற 'கா'வைச் சேர்த்து என்னிடம் கதைத்தான். அது தவறி வந்த சொல் இல்லை.

"மன்னிக்கச் சொல்லிக் கேக்கல்ல," என்றேன்.

"கேட்டாலும் இல்ல. சந்தியில வந்து சொல்லுங்க. அங்கதானே என்ட பேரை எடுத்தீங்க."

கடையை இப்போது பழைய கடைக்காரனின் மகன் நடத்துகிறான். அன்று சிரித்தவர்களில் பாதிப்பேர் இல்லை. மிச்சம் இருந்த நாலைந்து கிழவர்களும், முச்சக்கர வண்டிக்கார இளந்தாரிகளும் இருந்தார்கள். வண்டியைக் கொடுக்கலாமா என்று கேட்டு வந்து என் மௌனத்தை விளங்கிக்கொண்டு போனவரும் ஊன்றுகோலோடு இருந்தார். சகலன் எனக்கு முன்பே வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தான். நான் நின்றுகொண்டே சொன்னேன். கார் உடைந்தது அவனுடைய கவனக்குறைவால் இல்லை, ஒயில் கெட்டது எனக்குத் தெரியும், தெரிந்தும் நல்லது என்றேன், பிறகு அவன் மேல் பழியைப் போட்டேன். குரல் உயரவில்லை. தேநீர் ஆற்றும் சத்தம்தான் பெரிதாக இருந்தது. ஊன்றுகோல்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இளந்தாரி, "இதென்ன, இப்ப என்னத்துக்கு அப்பு?" என்று கேட்டான்.

நான் உட்காரப் போனேன்.

"இரிக்காதீங்க," என்றான் சகலன், கடைசி வாங்கிலிருந்து. "இன்னொருக்காச் சொல்லுங்க. பின்னுக்கு இரிக்கிற ஆக்களுக்குக் கேக்கல்ல."

அவன் தவிரப் பின்னுக்கு ஒருவரும் இருக்கவில்லை. நான் முதலிலிருந்து, சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன்.